வாசல்ல தொங்குற பூசணிக்காய்

உன்னைய எமர்ஜிங் டெக்னாலஜி டீமுக்கு மாத்திட்டாகன்னு போன்ல சொன்னப்ப உங்க அம்மாவுக்குக் கொரலே நடுங்குச்சு தாயி. "அங்க என்னடி வேலை"ன்னு கேட்டதுக்கு, "இன்னும் வராததை வந்துட்டதாச் செஞ்சு காட்டுறதும்மா"ன்னியாம். அவ பயந்துட்டா. நான் பயப்படல. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுல காலம் பூரா கணக்கு எழுதுனவன் நான். லோடு கிளம்பவே இல்லை, "வந்து எறங்கிட்டுன்னு எழுதும்வே"ன்னு சொல்லுத முதலாளியெல்லாம் பாத்தவன். உன் வேலையில பாதி எனக்கு மனப்பாடம்.

நீ வீட்டுல இருந்து வேலை பாக்கைல திண்ணையில வெத்தலை போட்டுக்கிட்டே உன் கால் எல்லாத்தையும் கேட்டுருக்கேன். ஒட்டுக் கேக்கல, நீ போடுத சத்தம் தெருவுக்கே கேக்குது. மொதல்ல பிஓசி, ஆகுமான்னு பாக்க ஒரு மாதிரி. அது முடிஞ்சா எம்விபி, பேருக்கு ஓடுத அளவுக்கு ஒரு சரக்கு. அது முடிஞ்சா பைலட், சின்னதா ஒரு வெள்ளோட்டம். பைலட் முடிஞ்சா? அங்கதான் சூட்சுமம். பைலட் முடியுறதே இல்லை, அதுக்குள்ள அடுத்த பிஓசி பொறந்துருது. அதனால தாத்தா சொல்லுத மொத யோசனை, எதையும் முடிச்சிராத. முடிச்சா எவனாவது அதைப் புழங்க ஆரம்பிப்பான். புழங்கினா கெடும். கெட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு உன்னையத்தான் எழுப்புவான். பைலட்டுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. படுத்தா அது பாட்டுக்குப் படுத்துக் கிடக்கும், நீயும் படுத்துக்கலாம்.

சரி, உங்க டீமு எதுக்கு இருக்கு? மேடையில பேசுத காரணமெல்லாம் வேண்டாம். புதுசாக் கட்டின வீட்டு வாசல்ல மொகம் வரைஞ்ச பூசணிக்காயக் கயித்துல கட்டித் தொங்க விடுதோம்ல, நீங்க அதுதான். கிளையண்ட்டு பிளேன்ல வந்து எறங்கினதும் மொதல்ல எங்க கூட்டிட்டுப் போறாக? கண்ணாடிச் சுவரு வச்ச உங்க லேபுக்கு. அங்க கால் நீட்டி உக்காரச் சாக்குப்பை நாற்காலி, த்ரீடி பிரிண்டர்ல அச்சடிச்ச சாவிக்கொத்து, கையை ஆட்டினா எரியுத லைட்டு. எல்லாத்தையும் பாத்து அவுக "வாவ்"ங்காக. அப்புறம் மேல் மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, பல வருசமா ஓடுத பழைய சாஃப்ட்வேருக்கு எத்தனை ஆளு, ஆளுக்கு மணிக்கு எத்தனை டாலருன்னு பேசி முடிக்காக. கம்பெனி அடுப்பு எரியுறது அந்த மாடியில. காயி வாசல்லயே தொங்கும். அதை வெட்டிக் குழம்புல போடணும்னு எவனும் நெனைக்க மாட்டான். வெயில்ல காஞ்சு அழுகிச்சுன்னா, யாரும் பாக்காத நேரத்துல அவுத்துட்டு வேற காய் கட்டுவாக. கயிறு மட்டும் பழசு.

2017ல பிளாக்செயின்னு கட்டுனாக. 2021 அக்டோபர்ல பேஸ்புக் கம்பெனி தன் பேரையே மெட்டான்னு மாத்துச்சு, அன்னையில இருந்து மெட்டாவெர்ஸ். 2022 நவம்பர் கடைசியில சாட்ஜிபிடி வந்துச்சு, மெட்டாவெர்ஸை அவுத்தாக. இப்ப என்னமோ ஏஜென்டுங்காக. லேபு கதவுல பழைய ஸ்டிக்கரை உரிச்ச தடம் இன்னும் தெரியுது, சாய்ஞ்சு பாத்தா 'செயின்'ங்கிறதை வாசிக்கலாம்னு நீதான் சொல்லிச் சிரிச்ச.

பேரு மாத்துறதைக் கேவலமா நெனைக்காத. அதுல வரும்படி இருக்கு. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீன்னு ஒரு கம்பெனி. பாட்டில்ல டீ அடைச்சு விக்கிறவுக. 2017 டிசம்பர்ல 'லாங் பிளாக்செயின்'னு பேரை மாத்தப் போறோம்னு அறிவிச்சாக. அம்புட்டுத்தான். பாட்டிலுக்குள்ள அதே டீத்தண்ணி, அன்னைக்கே அவுக பங்கு விலை கிட்டத்தட்ட மூணு மடங்காச்சு. அடுத்த வருசமே நாஸ்டாக் சந்தையில இருந்து பேரை எடுத்துட்டாக, அது வேற கதை. நம்ம பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரன்கிட்ட இதைச் சொன்னேன். "போர்டு எழுத என்ன செலவாகும்"னு கேட்டான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்க பாசையில நீ 'பில்லபிள்' இல்லை. பில்லு போட்டு எவன்கிட்டயும் வசூல் பண்ண முடியாத ஆளு. காலம் நல்லா இருக்கும்போது உன்னையத்தான் மொதல்ல காட்டுவாக, காலம் கெட்டாலும் உனக்குத்தான் மொதல்ல காட்டுவாக, வாசக்கதவை. அதனால ஒரு காலை எப்பவும் பழைய ப்ராஜெக்ட்டுல வச்சுக்கோ. கோபால்னு ஒருத்தர்தான் இன்னும் பாங்குகளையெல்லாம் தாங்குதாருன்னு நீ ஒரு நாள் போன்ல சொன்ன. நானும் ஏதோ ரிட்டயர் ஆகாத பெரிய மனுசன் போலன்னு நெனைச்சு, பாவம் ஒரு நாளு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுன்னேன். அப்புறந்தான் தெரியுது, அது 1959ல உருவாக்குன கம்ப்யூட்டர் பாசை, கோபால் இல்லை கோபால்லுன்னு நாக்கை மடிச்சுச் சொல்லணும்னு. எப்படிச் சொன்னா என்ன, அந்த மனுசனை விட்டுறாத.

போன பொங்கலுக்கு நீ அந்த விஆர் கண்ணாடியக் கொண்டாந்து என் தலையில மாட்டி விட்டியே, அதையும் சொல்லியாகணும். மாட்டினதும் வீடு போயிருச்சு, ஒரு பெரிய கிட்டங்கி வந்துச்சு. அடுக்கடுக்காப் பெட்டி, நடுவுல மஞ்சக் கலர் போர்க்லிஃப்ட். புதுசா வேலைக்கு வாரவுகளுக்கு இதுலதான் பழக்கப் போறோம்ன. நான் நடந்து பாத்தேன். தரை துடைச்சுவிட்ட சோத்துத் தட்டுக் கணக்கா இருக்குன்னு சொல்ல வந்தேன், சோறு போட்டுத் தின்ன தட்டுல கூட ஒரு பருக்கை ஒட்டியிருக்கும். அங்க அது கூட இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கிழிஞ்ச பெட்டி இல்லை. நடைபாதையில குறுக்க படுத்துத் தூங்குத ஆளு இல்லை. கிட்டங்கின்னா எலி வேண்டாமா தாயி? நான் குனிஞ்சு தேடினேன், நெத்தி போயி நெசமான கதவு நிலையில இடிச்சுச்சு. நீ "தாத்தா, கண்ணாடி காட்டுத எல்லைக் கோட்டைத் தாண்டிட்டீக"ன்ன. உங்க ஆச்சி வெளக்கெண்ணெய் எடுத்துட்டு வந்தா. அந்தக் கிட்டங்கியில பழகினவன், நெசமான கிட்டங்கியில மொத நாளே எண்ணெய்யில வழுக்குவான். இதை உங்க மேனேஜர்கிட்டச் சொல்லாத. சொன்னா, எலி வைக்கிறதுக்கு இன்னொரு பிஓசி கேப்பாரு.

பிளாக்செயினைப் பத்தி நீ வெளக்கினப்ப மட்டும் நான் நிமிந்து உக்காந்தேன். பேரேடுன்ன பாரு, அது நம்ம தொழிலு. ஒரே பேரேட்டை எல்லாரும் வச்சிருப்பாக, எல்லாரும் பாக்கலாம், ஒரு தடவை எழுதுனா அழிக்க முடியாதுன்ன. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அழிக்க முடியாத பேரேட்டை எந்த முதலாளி காசு கொடுத்து வாங்குவான்? நான் வேலைக்குச் சேந்தப்ப மொதல்ல வாங்கிக் கொடுத்ததே ரப்பரு.

மெர்ஸ்க்குன்னு டென்மார்க் கப்பல் கம்பெனி, உலகத்துலயே பெருசுல ஒண்ணு. ஐபிஎம்மோட சேந்து 2018ல டிரேட்லென்ஸ்னு இதே மாதிரி ஒரு பேரேடு தொறந்தாக. எந்தக் கன்டெய்னர் எங்க நிக்குது, எந்தச் சீட்டுல கஸ்டம்ஸ் முத்திரை விழுந்துச்சு, எல்லாம் அதுல ஏறணும். யோசனை நல்ல யோசனை. கப்பல் சரக்குக்குப் போடுத காகிதத்தைப் பாத்தவனுக்குத் தெரியும் அந்த அருமை. சிவகாசிச் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்துல ஏறுறதுக்குள்ள கட்டுக்கட்டாச் சீட்டு கைமாறும். ஆனா ஒரு கணக்குப்பிள்ளை மொத நாளே கேட்டுருப்பான்: போட்டிக் கடைக்காரன்கிட்ட உன் சரக்குக் கணக்கை என் கல்லாப் பக்கத்துல இருக்குத நோட்டுல வந்து எழுதுன்னா, மனசார எழுதுவானா? பெரிய போட்டிக் கம்பெனிகள்ல சிலதும் சேரத்தான் செஞ்சுச்சு. ஆனா உலகம் முழுக்க எல்லாரும் கூடி இழுத்தாத்தான் தேரு நகரும், அந்த ஒத்துழைப்புக் கிடைக்கலைன்னு 2022 நவம்பர்ல அவுகளே அறிவிச்சு மூடிட்டாக. கம்ப்யூட்டர்ல கோளாறு ஒண்ணும் இல்லை. மனுசன்தான் ஒத்துவரலை.

அதே மாசம் ஆஸ்திரேலியாப் பங்குச் சந்தைக்காரவுக இன்னொரு காரியம் பண்ணினாக. பழைய கணக்குத் தீர்க்குத கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு இதே பிளாக்செயின் வகையில புதுசு வைக்கப் போறோம்னு 2017ல முடிவெடுத்தவுக, அஞ்சு வருசம் கழிச்சு நிறுத்துதோம்னு சொல்லி, கிட்டத்தட்ட 25 கோடி ஆஸ்திரேலிய டாலரைச் செல்லாக் கணக்குல எழுதினாக. சேர்மனே மன்னிப்பும் கேட்டாரு. எல்லாரும் அவுகளைப் பாத்துச் சிரிக்காக. நான் சிரிக்க மாட்டேன். நட்டத்தை நட்டம்னு பேரேட்டுல எழுதுத தைரியம் எத்தனை பேருக்கு இருக்கு? உங்க லேபுல அஞ்சாறு பைலட்டு வருசக்கணக்காப் படுத்துருக்குல்ல, அதையெல்லாம் எந்தப் பக்கத்துல எழுதிருக்கீக? கேட்டுப் பாரேன். கேட்டுட்டு எனக்கும் சொல்லு.

இப்ப ஏஐக்கு வருவோம். நீ செஞ்ச அந்தப் பேச்சு மெஷினுகிட்ட "மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்துருக்கு, என்ன செய்ய"ன்னு கேட்டேன். 2018ல நம்ம நாட்டுக்கு வந்த புழு அது, வந்த வேகத்துல குருத்தையெல்லாம் தின்னுட்டுப் போச்சு. மெஷினு "அன்புள்ள விவசாயி அவர்களே"ன்னு ஆரம்பிச்சுது. எனக்குக் குளுந்து போச்சு, எந்த ஆபீசருமே என்னைய அப்படிக் கூப்பிட்டதில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, வரப்போரம் தட்டப்பயறுன்னு நல்லாத்தான் சொல்லுச்சு. கடைசியில, "மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை அலுவலரை அணுகவும்"னு முடிச்சிருச்சு. அந்த ஆளு ஊருப்பக்கம் வந்தா நான் ஏன் தாயி உன் மெஷினுகிட்ட வாரேன்?

அந்த மெஷினுக்கு எல்லாம் தானாத் தெரியும்னு உங்க டீமு பேசுறதைக் கேட்டா, எங்க ஆபீசுல ஒரு கட்டையடுக்கு மெஷினு வந்தது ஞாபகம் வருது. தீக்குச்சியக் கட்டையில வரிசையா அடுக்குறது பொம்பளைக வேலை. வீட்டுலயும் அடுக்குவாக, ஆபீசுலயும் அடுக்குவாக. பேசிக்கிட்டே இருப்பாக, கண்ணு குச்சியப் பாக்காது, வெரலு தானாப் பாக்கும். வளைஞ்ச குச்சி கையில பட்டதும் தனியாப் போயி விழும். முதலாளி ஒரு மெஷினு எறக்கினாரு. அந்தப் பொம்பளைகள்ல ஒருத்திகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலை. மழை மாசத்துல மரம் ஈரம் பாஞ்சு பாதிக் குச்சி வளைஞ்சிருக்கும். மெஷினு அதை முழுங்கிட்டு நின்னுபோச்சு. பெறகு என்ன செஞ்சாரு? அதே பொம்பளைகளை மெஷினு பக்கத்துல உக்கார வச்சு, வளைஞ்ச குச்சியப் பொறுக்கிட்டு நேர்க் குச்சியா மெஷினுக்கு ஊட்டச் சொன்னாரு. பாக்க வாரவுகளுக்கு மெஷினு ஓடுறது தெரியும். அந்தப் பொம்பளைக கூலியை நான் 'மெஷினு பராமரிப்பு'ன்னு எழுதினேன். முதலாளி சொல்லித்தான்.

இன்னைக்கு நம்ம சின்ன ஊருகள்லயே பிள்ளைக ஒரு ரூமுல வரிசையா உக்காந்து, படத்துல இது லாரி, இது மாடு, இது தலையில தொப்பி போட்ட ஆளுன்னு சுத்திச் சுத்திக் கட்டம் போட்டுக் கொடுக்குதாக. டேட்டா அனோட்டேஷன்னு பேரு. அதைத் தின்னுதான் மெஷினு கண்ணு தொறக்குது. உங்க ஸ்லைடுல அந்தப் பிள்ளைக ஒண்ணையும் காணோம். அவுக கூலியை நீங்க எந்தத் தலைப்புல எழுதுதீக தாயி?

ஒண்ணு ஒத்துக்கிடுதேன். எல்லாமே வெறுங்காயின்னு சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல ரோச்செஸ்டர்னு ஊரு, கோடாக் கம்பெனி. 1975ல ஸ்டீவன் சாசன்னு 25 வயசுப் பையன் பிலிமே இல்லாத கேமரா ஒண்ணு செஞ்சான். மூணரைக் கிலோ எடை. ஒரு படம் எடுத்து கேசட்டு டேப்புல பதிய 23 செகண்டு. மீட்டிங் ரூமுல பெரிய தலைகளைப் படமெடுத்து டிவியில போட்டுக் காட்டினான். தன் மொகத்தை டிவியில எவன் பாக்கப் போறான்னு கேட்டாகளாம். அவுக முட்டாளு இல்லை. பிலிம் வித்துச் சம்பாதிக்கிறவுக வீட்டுல வந்து, பிலிம் வேண்டாம்னு ஒரு பையன் சொல்லுதான். எந்த வீட்டுல தாம்பூலம் வச்சு வரவேப்பாக? 2012 ஜனவரியில அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டுச்சு. இந்தக் கதையை உங்க டீமுல எல்லாரும் சொல்லுதாக, எங்க ஆபீசுக்கு அந்தக் கதி வரக் கூடாதுன்னு. ஆனா உங்க வீட்டுல பிலிம் எதுன்னு யாரும் கேக்கக் காணோம். மணிக்கு இத்தனை டாலருன்னு ஆளு விக்கிறதுதான் உங்க பிலிம். ஆளு வேண்டாம்னு சொல்லுத மெஷினை நீ நெசமாவே செஞ்சிட்டா, மேல் மாடியில உனக்குக் காப்பி கிடைக்குமான்னு யோசிச்சுக்கோ.

இன்னொண்ணு, த்ரீஎம் கம்பெனியில ஸ்பென்சர் சில்வர்னு ஒருத்தரு 1968ல கெட்டியான பசை காய்ச்சப் போயி, ஒட்டியும் ஒட்டாத பசை ஒண்ணைக் காய்ச்சிட்டாரு. எங்க ஆபீசுன்னா லேபிள் ஒட்டுத பொம்பளைக அவரு தலையிலயே ஊத்திருப்பாக. அந்தப் பசை எவனுக்கு வேணும்னு வருசக்கணக்காக் கம்பெனிக்குள்ளயே கேட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. 1974ல ஆர்ட் ஃப்ரைன்னு கூட வேலை பாத்த ஒருத்தரு, சர்ச்சுல பாட்டுப் புத்தகத்துக்குள்ள வச்ச அடையாளச் சீட்டு விழுந்துக்கிட்டே இருக்கேன்னு எரிச்சல்பட்டப்பதான் அந்தப் பசை ஞாபகம் வந்துச்சு. 1980ல கடைக்கு வந்துச்சு, நீங்க சுவரு பூரா மஞ்சளா ஒட்டி வச்சுக்கிட்டு முழிக்கிறீகளே, அந்தச் சீட்டு. கவனிச்சியா, அதைப் பொழைக்க வச்சது எரிச்சல்பட்ட ஒரு மனுசன். ஸ்லைடு இல்லை.

நம்ம பக்கத்துலயும் அதே கதைதான். மழை பொய்ச்ச கரிசல் பூமி, பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு தொழில் வேணும். 1922ல சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயி, தீப்பெட்டித் தொழிலைக் கூடவே இருந்து கத்துக்கிட்டு வந்தாக. அந்தக் காலத்து எமர்ஜிங் டெக்னாலஜி டீமு, ரெண்டே ஆளு. லேபு இல்லை. திரும்பி வந்து செஞ்சாக, வித்தாக, எங்களுக்கெல்லாம் சம்பளம் வந்துச்சு. பெறகு எங்களுக்கும் ஆப்பு வந்துச்சு, ஆனா நாங்க பாத்துக்கிட்டு இருந்த பக்கத்துல இருந்து வரலை. மெஷினு தீப்பெட்டி எங்களை முழுங்கிரும்னு கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டு இருக்கைல, பெட்டிக்கடையில சைனா லைட்டரு வந்து தொங்குச்சு. 20 ரூபாய்க்குக் கீழ உள்ள லைட்டரை எறக்குமதி பண்ணக் கூடாதுன்னு 2023ல கவர்மெண்டு தடை போடுத வரைக்கும் தீப்பெட்டிக்காரவுக மல்லுக்கட்டினாக. அந்த லைட்டரைப் பத்தி எங்க கூட்டத்துல யாராவது முன்கூட்டி ஸ்லைடு போட்டாகளான்னா, இல்லை.

உனக்கு இந்த வருசம் அப்ரைசல் ஃபாரத்துல எழுத ஒண்ணும் இல்லைன்னு பொலம்புத. இருக்கு தாயி, நீ மறந்துட்ட. ஸ்ரீபெரும்புதூர்க் கிட்டங்கிக்குக் கண்ணாடி டெமோ காட்டப் போனப்ப ஒரு லோடுமேன் உன்கிட்ட என்ன சொன்னான்? "மேடம், கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. இந்த ஸ்கேனருல சரியான பெட்டிக்கும் பீப்பு, தப்பான பெட்டிக்கும் அதே பீப்பு. லாரி எஞ்சினு ஓடைல ஸ்கிரீனைக் குனிஞ்சு பாக்க நேரமில்லை. தப்புக்கு மட்டும் வேற சத்தம் வச்சுக் கொடுங்க"ன்னான். நீயும் பெருசா எடுத்துக்கிடாம, டீ குடிச்ச நேரத்துல மாத்திக் கொடுத்துட்டு வந்துட்ட. இன்னைக்கு அவுக கிட்டங்கி அத்தனையிலயும் அந்தச் சத்தம்தான் ஓடுதுன்னு நீயே சொன்ன. உங்க டீமு இம்புட்டு வருசத்துல செஞ்சதுல எவனோ கேட்டு, எவனோ புழங்குறது அது ஒண்ணுதான்.

ஃபாரத்துல 'எந்த எமர்ஜிங் டெக்னாலஜி'ன்னு ஒரு கட்டம் இருக்குன்னு முழிக்காத. தாத்தா சொல்லுதேன், எழுதிக்கோ: 'ஏஐ ரெடி மல்டிமோடல் ஃப்ரண்ட்லைன் ஒர்க்கர் எக்ஸ்பீரியன்ஸ் பிளாட்ஃபார்ம்'. மேனேஜரு அப்படின்னா என்னன்னு கேட்டா மறுக்காம டெமோவும் போட்டுக் காட்டு. ஸ்பீக்கரை மட்டும் அமத்தி வச்சுக்கோ, பீப்புன்னு தெரிஞ்சிரும்.